மூன்று வருடம், ஏழு கேபிள், ஒரு பவர் பேங்க்: ஆன்லைனில் மலிவாக வாங்கிப் பார்த்ததில்

போனோடு வந்த கேபிள் கழுத்துப் பக்கம் பிய்ந்துபோன நாளிலிருந்து ஆரம்பித்தது இது. மூன்று வருடத்தில் ஏழு கேபிள், இரண்டு சார்ஜர், ஒரு பவர் பேங்க், நாலைந்து டெம்பர்டு கிளாஸ் ஆன்லைனில் வாங்கியிருக்கிறேன். எல்லாமே 99 ரூபாயிலிருந்து 699 ரூபாய்க்குள். ஒவ்வொன்றையும் கடைசிவரை உபயோகித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

யாரிடம் புலம்பினாலும் 'காசுக்கேத்த தோசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 129 ரூபாய்க்கு மெதுவாக ஏறும் கேபிள் என்று சொல்லி விற்றால் எனக்கு வருத்தமே இல்லை. அட்டையில் ஒன்றை அச்சடித்துவிட்டு உள்ளே வேறொன்றை வைப்பதுதான் என் கோபம்.

முதலில் வாங்கிய கேபிளைச் சொல்கிறேன். மேலே நைலான் பின்னல், பார்க்க நல்ல கெட்டி. 'பாஸ்ட் சார்ஜிங், டேட்டா டிரான்ஸ்பர், 3 ஆம்பியர்' என்று போட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு 10 சதவீதத்தில் போட்டால் காலை ஆறு மணிக்கு 78. கம்ப்யூட்டரில் செருகினால் போன் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேடை எடுத்து நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். பின்னல், அதற்குக் கீழே தடிமனான கறுப்பு ரப்பர், அதற்குள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டே வயர். டேட்டாவும் போகிற கேபிளில் பச்சையும் வெள்ளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு வயர் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் 18 வாட் சார்ஜரிடம் 'வேகமாக ஏற 9 வோல்ட் தருவாயா' என்று போன் கேட்பதே அந்தப் பச்சை, வெள்ளை வழியாகத்தான். அவை இல்லையென்றால் போன் பயந்துகொண்டு 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் மட்டும் இழுக்கும். சிவப்பு வயரை உரித்தால் ஏழே ஏழு இழை, தலைமுடி கனம். பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், இழை போய் ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. மேலே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு.

இழை மெலிந்தால் தடை கூடும், வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கும். இரண்டு மீட்டர் கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் அந்த இழப்பும் இரண்டு மடங்கு.

கேபிள்தானே என்று விடவும் முடியாது. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியூங் 2015 கடைசியில் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுத ஆரம்பித்தார். 2016 தொடக்கத்தில் தப்பாக வயரிங் செய்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே கெடுத்துவிட்டது. அந்த மார்ச்சிலேயே, தரத்துக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் விதியில் சேர்த்தது. விதி வந்து இத்தனை வருடம் ஆகியும் நான் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ரிட்டர்ன் விஷயம் தனி. பெரும்பாலும் '7 நாள் ரீப்ளேஸ்மென்ட்' மட்டும்தான், பணம் திரும்ப வராது. மாற்றிக் கேட்டால் அதே சரக்கில் இன்னொன்று வரும். மற்ற கேபிள்களில் நான்கு நன்றாகவே ஏறின, ஆனால் நாற்பது நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் போயின. செருகும் முனை லூசாகி, போனை ஒரு கோணத்தில் சாய்த்து வைத்தால்தான் ஏறும். அதற்குள் ரிட்டர்ன் பட்டன் மறைந்திருக்கும்.

சார்ஜர் விஷயத்தில் பயந்தே போனேன். அம்மாவுக்கு 199 ரூபாயில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் போன் பண்ணி, "சார்ஜ் போட்டுக்கிட்டே தொட்டா போனு தன்னால ஓடுதுப்பா, நான் அமுக்காத நம்பருக்கெல்லாம் போகுது" என்றார். டிஸ்பிளே போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி தன் சார்ஜரைப் போட்டு விரலால் கோடு இழுத்துக் காட்டினான், நேராக வந்தது. "டிஸ்பிளே நல்லாருக்குண்ணே, மொத வேலையா அந்த சார்ஜரைத் தூக்கிப் போடுங்க." மலிவு சார்ஜரில் மின் இரைச்சலை வடிகட்டும் பாகங்களைக் குறைத்துவிடுவார்கள். அந்த இரைச்சல் திரைக்குப் போனால் திரை அதையும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று: 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. அதிலும் மிச்சம் பிடித்தால் உயிரோடு விளையாட்டு. அம்மா ஈரக் கையோடு போனை எடுக்கிறவர்.

சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். 'R-' என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று காட்டும். அம்மாவின் சார்ஜரில் இருந்த எண்ணைப் போட்டேன், ஒரு விவரமும் வரவில்லை. வாங்கியவுடனே பார்த்திருக்க வேண்டியது.

பவர் பேங்க் 699 ரூபாய், '20000 எம்ஏஎச்' (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு). உள்ளே பேட்டரி 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட் என்பதால் நல்ல கம்பெனியிலேயே 12,000, 13,000 அளவுதான் போனுக்குக் கிடைக்கும். அது ஏமாற்று இல்லை, சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். என்னுடையது 5000 பேட்டரி போனை ஒரு தடவை முழுசாக ஏற்றிவிட்டு அடுத்த தடவை பாதி வழியில் நின்றது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 190 கிராம். 20000 என்றால் சாதாரணமாக 350 கிராமுக்கு மேல் இருக்கும். உளுந்து எடை போட வந்த அம்மா ஒருவர் என்ன இது என்று கேட்க, விவரம் சொன்னேன். தன் மகன் வாங்கியதையும் மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னார்.

இதற்கு மட்டும் விடவில்லை. தராசுப் படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் 699 ரூபாய் திரும்ப வந்தது. தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஸ்டார்களை நம்பி வாங்காதீர்கள். அந்தப் பவர் பேங்க் பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டு இருந்தது, ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் என்று. ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே பிஐஎஸ் 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரம் கொண்டுவந்தது, ஆனால் அது கட்டாயமில்லை. நான் இப்போது மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதியதை மட்டும்தான் படிக்கிறேன். வாங்கி இரண்டு மாதம் கழித்து எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

டெம்பர்டு கிளாஸில் மட்டும் மலிவு எனக்குச் சரிப்பட்டது. அட்டையில் போடும் '9எச்' என்பது 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்ற கணக்குதான், பாக்கெட்டில் மணல் இருந்தால் கீறல் விழத்தான் செய்யும். போன் கீழே விழுந்தால் முதலில் அது உடைகிறது, 99 ரூபாய்க்கு அது போதும்.

அம்மாவுக்கு இப்போது போன் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே சார்ஜர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கேபிள் அதே தம்பி கடையில், 250 ரூபாய். வாங்கும்போதே மீட்டரில் போட்டு 9 வோல்ட் ஏறுவதைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினான். பதினாலு மாதம் ஆகிறது. போன வாரம் செருகும் முனைப் பக்கம் ரப்பர் லேசாக வெளுத்திருப்பதைப் பார்த்தேன், சார்ஜ் இன்னும் அதே வேகத்தில்தான் ஏறுகிறது.