சுருள் பட்டை: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

எங்கள் சமையலறையில் இரண்டு வகைப் பட்டை இருக்கிறது. மளிகைக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் தடித்த காசியா ஒன்று. இலங்கைச் சுருள் பட்டை மற்றொன்று. சில ஆண்டுகளாக இரண்டையும் புழங்கியதில் என் முடிவு இது: சுருள் பட்டையைத் தாராளமாக வாங்குங்கள், பிரியாணிக்காக மட்டும் வாங்காதீர்கள்.

இஞ்சி, பூண்டு, இறைச்சி, தம் எல்லாவற்றையும் மீறி மணக்க காசியாவின் முரட்டுக் காரம்தான் வேண்டும். சுருள் பட்டையின் வாசம் அந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, கிளறும்போது உதிர்ந்து சோற்றோடு பல்லில் அகப்படுகிறது. சில மடங்கு அதிக விலை கொடுத்து இது எதற்கு?

டீயிலும் பாலிலும் கதையே வேறு. நாக்கைச் சுடாத இனிப்பும், கிராம்பிலுள்ள யூஜினால் என்ற மணப்பொருள் இதிலும் இருப்பதால் லேசான கிராம்பு வாசமும் தெளிவாகத் தெரிகின்றன. பால் பாயசத்தில் ஏலக்காயுடன் ஒரு சிறு துண்டு போட்டுப் பாருங்கள். பொடிக்கவும் எளிது, விரலாலேயே நொறுங்கும். காசியாவைப் போட்டால் மிக்ஸி அலறுகிறது.

தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள். அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய இது காசியாவில் கணிசமாகவும், இலங்கைப் பட்டையில் மிகச் சொற்பமாகவும் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். எப்போதாவது குருமாவில் போடும் துண்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. (சர்க்கரை குறையும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால்தான் எனக்கு அச்சம்.)

வாங்கும்போது நுனியைப் பாருங்கள். சுருட்டைப் போல மெல்லிய அடுக்குகள் பல இருந்தால் இலங்கைச் சரக்கு. ஒரே தடித்த பட்டை உள்நோக்கி வளைந்திருந்தால் காசியா. பொடியில் இந்தச் சோதனைக்கு வழியில்லை என்பதால் நான் பொடி வாங்குவதே இல்லை. இலங்கைப் பட்டையின் தரங்களில் மிக மெல்லியது, குச்சியின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மிகாத ‘ஆல்பா’ (Alba). டீக்கு அவ்வளவு உயர்தரம் தேவையில்லை, அதைவிடப் பருமனான ‘சி5’ (C5) தரம் போதும். இணையத்தில் ஒருமுறை ஆல்பா விலைக்குப் பருமனான குச்சிகளே வந்தன, திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போதெல்லாம் நுனி தெரியும் படம் இல்லாத இடத்தில் வாங்குவதில்லை, அதுவும் 50 கிராமுக்கு மேல் இல்லை.