டொலமைட்டா, கூட்டெருவா?

நுவரெலியாப் பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்களில் சிலர் டொலமைட்டும் கூட்டெருவும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அது வருத்தமாக இருக்கிறது.

டொலமைட் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் கல் தூள்; கல்சியமும் மகனீசியமும் தரும். தேயிலைக்கு பீஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை போதும். மரக்கறிக்கு 6-ஐ ஒட்டி வேண்டும். அதனால் தேயிலை பிடுங்கிய நிலத்துக்கு முதலில் டொலமைட்தான்.

கூட்டெருவின் வேலை வேறு. ஒரு பிடி மண்ணைக் கசக்கிப் பாருங்கள்: எரு தின்ற மண் பொலபொலவென்று உதிரும், மண்புழு நெளியும். அடைமழையில் சரிவு மண் கரைந்து ஓடாமல் பிடித்து வைப்பதும் அதுதான்.

பீஎச் சரியாக இருந்தால் நான் கூட்டெருவுக்குத்தான் காசு போடுவேன். அப்புறம், டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போடாதீர்கள். நைதரசன் காற்றோடு போய்விடும்.