இங்கிலாந்தில் தொடக்கக் கல்வி: அரசுப் பள்ளியா, பிரெப் பள்ளியா?

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை. பெரும்பாலானவற்றில் தேசியப் பாடத்திட்டம் உண்டு; ஆறாம் ஆண்டில் (10-11 வயதில்) சாட்ஸ் என்னும் தேசியத் தேர்வும் உண்டு. கட்டணம் வாங்கும் தனியார் தொடக்கப் பள்ளிகளான பிரெப் பள்ளிகளை இவை இரண்டும் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றில் பல, 13 வயது வரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியார் உயர்நிலைப் பள்ளிகளில் சேர்வதற்கான காமன் என்ட்ரன்ஸ் தேர்வுக்குத் தயார்செய்கின்றன. பிரெஞ்சு, லத்தீன், இசை என்று தனித்தனி ஆசிரியர்கள் இருப்பது பெரிய பலம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிள்ளையைக் கவனிக்கும் விதம். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுவதும் உடனிருக்கிறார். பிள்ளை முகம் வாடினால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஏழு வயது வரையிலான பிள்ளைகளின் வகுப்புக்கே சட்ட வரம்பு 30 பேர். பிரெப் பள்ளியில் வகுப்புகள் பொதுவாகச் சிறியவை. மேல் வகுப்புகளில் பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுவதால், நலன் பார்க்கும் பொறுப்பை ஃபார்ம் டியூட்டர் என்னும் பொறுப்பாசிரியர் ஏற்கிறார். அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார், அழும் பிள்ளை யாரிடம் போகும் என்று சேர்க்கும் முன் கட்டாயம் கேளுங்கள். நீச்சல் குளத்தைப் பிறகு பார்க்கலாம்.

2025 ஜனவரி முதல் பிரெப் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு) வரியும் உண்டு. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டுமென்றால், அருகிலுள்ள நல்ல அரசுப் பள்ளியையே நான் பரிந்துரைப்பேன்.