பயறில் வைட்டமின் அளக்க ஹெச்பிஎல்சியா, பாக்டீரியாவா?

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, உளுந்து மாதிரிகளுக்கு இரண்டு முறைகளையுமே பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். வைட்டமின் பி1, பி2 பார்க்க ஹெச்பிஎல்சி, அதாவது கரைசலை அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தி அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி; அதில் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரசன்ஸ் டிடெக்டர் வைத்திருக்கிறோம். ஃபோலேட்டுக்கு (வைட்டமின் பி9) லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் பாக்டீரியா.

ஹெச்பிஎல்சி மீது பெரிய குறை இல்லை. பி1 தானாக ஒளிராது. காரக் கரைசலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்தால் தையோகுரோமாக மாறி நீலமாக ஒளிரும். பி2 தானே ஒளிரும், ஆனால் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால் பழுப்புக் குடுவை கட்டாயம். தொல்லையெல்லாம் பயறின் மாவுச்சத்தால்தான். நொதி போட்டுக் கரைத்து, 0.45 மைக்ரானில் வடிகட்டி ஏற்றாவிட்டால் பிரிப்புக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஃபோலேட் கதையே வேறு. பயறில் அது ஒரே வடிவில் இருப்பதில்லை; ஹெச்பிஎல்சியில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகப் பிடித்துக் கூட்ட வேண்டும். பாக்டீரியாவுக்கு அந்த வம்பு இல்லை. அமைலேஸ், புரோட்டியேஸ், கான்ஜுகேஸ் என்ற மூன்று நொதிகளும் போட்டுப் பிரித்த சாற்றைக் கொடுத்தால், கிடைக்கிற ஃபோலேட்டுக்கு ஏற்றபடி வளரும். 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து மறுநாள் கலங்கலை அளந்தால் மொத்த அளவு கிடைத்துவிடும். அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் பிரித்தெடுக்கும்போதே ஃபோலேட் ஆக்சிஜனேற்றமாகி வீணாகும். குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் பாக்டீரியா ரகம் வாங்கிய பிறகு வேறு கிருமி நுழையும் தலைவலி வெகுவாகக் குறைந்தது. இதில் அலுப்பான வேலை பாத்திரம் கழுவுவதுதான். துளி ஃபோலேட் ஒட்டியிருந்தாலும் பிளாங்க் (ஃபோலேட் சேர்க்காமல் ஒப்பிட வைப்பது) கலங்கிவிடும். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் ஏற்ற இறக்கமும் ஹெச்பிஎல்சியைவிட அதிகம்.

காய்ந்த பயறில் வைட்டமின் சி பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. காய்ந்ததில் அது மிகக் குறைவு, முளைத்தால்தான் கூடும் என்பதால், முளைகட்டிக் கொண்டு வாருங்கள் என்போம்.

ஈரப்பதம் பார்க்க மாதிரியை உலர்த்தும் அடுப்பையும் (ஓவன்) இந்தச் செட்டப்பில் ஒரு பாகமாகவே சொல்வேன். அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் 100 கிராம் கொண்டைக்கடலைக்கு ஃபோலேட் பச்சையாக 557 மைக்ரோகிராம், வேகவைத்தால் 172. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதே என்று பதறுவார்கள். வெந்த கடலையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். உலர் எடைக்குக் கணக்குப் போட்டால் இழப்பு ஏறத்தாழ 30 சதவீதம்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஃபோலேட் மட்டும் போதும் என்றால் இன்குபேட்டர், 96 குழித் தட்டு, அந்தக் குழிகளின் கலங்கலை அளக்கும் பிளேட் ரீடர் வாங்குங்கள். ஹெச்பிஎல்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஒவ்வொரு தொகுதியோடும் பிசிஆர்-485 போன்ற, வைட்டமின் அளவு ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்றை ஓட்டுங்கள். கொஞ்சம் விலைதான், ஆனால் அது இல்லாமல் நாங்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.