7 எம்எம் பிஆர்சி: எல்க் வேட்டைக்கான மேக்னம் தோட்டா, ஒரு மதிப்பீடு

கொலராடோ, வயோமிங், மொன்டானா மலைகளில் எல்க் மான் வேட்டைக்கென்று புது ரைஃபிள் வாங்குகிறவர் பெரும்பாலும் மூன்று தோட்டாக்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்: 1962-இல் வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், 2022-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 7 எம்எம் பிஆர்சி (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ்). இங்கே எடைபோடுவது மூன்றாவதை. குறிப்பாக, 20 தோட்டாப் பெட்டியாக வரும் ‘பிரிசிஷன் ஹன்டர்’, 175 கிரெயின் (குண்டின் எடை, ஏறத்தாழ 11 கிராம்) இஎல்டி-எக்ஸ் என்ற ஹார்னடியின் வேட்டைக் குண்டு.

புது ரைஃபிள்தான் வாங்கப் போகிறீர்கள், தோட்டாவைக் கடையில்தான் வாங்குவீர்கள் என்றால் இதையே எடுங்கள். கையில் ஏற்கெனவே நன்றாகச் சுடும் .300 வின்செஸ்டர் இருந்தால் அதை விற்றுவிட்டு இதற்கு மாற வேண்டியதில்லை.

இதன் பலம் வேகத்தில் இல்லை, அளவுகளில் இருக்கிறது. பழைய 7 எம்எம் ரெமிங்டன் வந்த காலத்தில் இன்றைய நீண்ட, ஊசிமூக்குக் குண்டுகள் கிடையாது. அதன் கூடு (வெடிமருந்தை அடைக்கும் பித்தளைக் குழாய்) 2.500 அங்குல நீளம், முழுத் தோட்டா 3.290-க்குள் அடங்க வேண்டும். நீளமான குண்டைப் பொருத்தினால் அதன் வால் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, பெரும்பாலான பழைய குழல்களின் ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் முறுக்கு) 9 அல்லது 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 175 கிரெயின் இஎல்டி-எக்ஸ் போன்ற நீண்ட குண்டை நிலையாகச் சுழற்ற அது பத்தாமல் போகலாம். பிஆர்சியில் கூடு 2.280 அங்குலம், முழு நீளம் 3.340, ட்விஸ்ட் 8-க்கு ஒன்று. நீண்ட குண்டை முதலில் மனதில் வைத்து, அதைச் சுற்றிக் கூட்டை வரைந்திருக்கிறார்கள். ரெமிங்டனிலும் இதைச் சாதிக்கலாம். ஆனால் அதற்குத் தனியாகக் குழல் செய்து, தோட்டாவையும் வீட்டில் அடைக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 24 அங்குலக் குழலில் வினாடிக்கு 3,000 அடி. சைலன்சர் மாட்ட வசதியாக 20 அங்குலக் குழல் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி வரை குறையும் என்று கணக்கு வைத்து, 2,900-ஐ ஒட்டி எதிர்பாருங்கள். கடல்மட்டக் காற்றில், முழுநீளக் குழலிலிருந்து புறப்பட்ட குண்டு 500 கஜத்தில் இன்னும் ஏறத்தாழ 2,300 அடி வேகமும் 2,000 அடி-பவுண்டை ஒட்டிய ஆற்றலும் வைத்திருக்கும். எல்க்குக்கு 1,500 போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கைக்கணக்கு; அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் ஆறேழு அங்குலம் கீழே, 500-இல் மூன்றடி கீழே அடிக்கும்.

குண்டு இப்படிக் கீழே இறங்கும் சரிவு ஒரு பிரச்சினையே இல்லை. தூரமானியும் ஸ்கோப் டரட்டும் (குறியை மேலே கீழே திருப்பும் குமிழ்) அதைப் பார்த்துக்கொள்ளும். ஆளைக் கவிழ்ப்பது காற்று. மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் இந்தக் குண்டு 500 கஜத்தில் சுமார் 12, 13 அங்குலமும், 700 கஜத்தில் 25 அங்குலத்தை ஒட்டியும் ஒதுங்கும். பள்ளத்தாக்கின் குறுக்கே காற்றின் வேகத்தை மணிக்கு மூன்று மைல் தப்பாகக் கணிப்பது தேர்ந்தவர்களுக்கும் நடக்கிறதுதான். 500-இல் அந்தப் பிழை நான்கு அங்குலம். இதயமும் நுரையீரலும் உள்ள நெஞ்சுப் பகுதிக்குள்ளேயே விழும். 700-இல் அதே பிழை ஏழெட்டு அங்குலம். குண்டு வயிற்றில் பாயலாம், மான் காயத்தோடு இருட்டுக்குள் போய்விடும். குண்டு காற்றில் இருக்கும் நேரமும் அங்கே முக்கால் வினாடியைத் தாண்டுகிறது. மான் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும். தோட்டா 700 கஜம் வரை வேலை செய்யும் என்பதால் நீங்களும் அங்கே சுடலாம் என்று ஆகாது. 500-ஐ எல்லையாக வையுங்கள். காற்று தாறுமாறாக இருந்தால் 350.

இந்தத் தோட்டாவின் உண்மையான குறை கிட்டத்தில்தான் தெரியும். இஎல்டி-எக்ஸ் தொலைவில், வேகம் குறைந்த பின்னும் விரியும்படி செய்யப்பட்ட குண்டு. 60 கஜத்தில், 2,900 அடி வேகத்தில் முன்சப்பை எலும்பில் பட்டால் வெளியுறை கிழிந்து, எடையில் பாதியை உதிர்த்துவிடும். மறுபக்கம் துளைத்து வெளியேறாமல் போகலாம். ரத்தத் தடம் கிடைக்காது, சப்பைக் கறியும் ரத்தம் கட்டிக் கெட்டுப்போகும். எனவே கிட்டத்தில் எலும்பைத் தவிர்த்து, முன்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுக்கூட்டில் வையுங்கள். அடர்ந்த மரங்களுக்குள் வேட்டையாடுகிறவர் அதே நிறுவனத்தின் 160 கிரெயின் சிஎக்ஸ் செம்புக் குண்டை எடுக்கலாம், அது உடையாது. ஆனால் அதற்கு 2,000 அடி வேகமாவது வேண்டும், ஆகவே தூரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை; அங்கே செம்பு போன்ற ஈயமில்லாத குண்டைத் தவிர வேறு வழியில்லை.

உதைப்பில் இதற்கும் .300 வின்செஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் தோளுக்கு நன்றாகவே தெரியும். எட்டரை பவுண்டு ரைஃபிளில் பிஆர்சி ஏறத்தாழ 26 அடி-பவுண்டு உதைக்கும். 200 கிரெயின் குண்டோடு .300 ஏறத்தாழ 31. வேட்டைக்கு முன் பயிற்சிக்குப் போகிறவர் விசையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் இந்த ஐந்தில்தான் தொடங்குகிறது. அதற்கு மேல் .300-இன் 200 கிரெயின் இஎல்டி-எக்ஸ் 2,850 அடியில் கிளம்பி, 500 கஜத்தில் காற்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஒதுங்குகிறது. ஆனால் அதற்கென்று ஒரு பெரிய சாதகம் உண்டு: மலையடிவாரச் சிற்றூர்க் கடையிலும் .300 கிடைக்கும். விமானத்தில் உங்கள் தோட்டாப் பெட்டி தொலைந்துபோனால் பிஆர்சிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வீட்டில் தோட்டா அடைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பழைய இரண்டு மேக்னங்களிலும் கூட்டின் அடியில் ஒரு பட்டை இருக்கும். தோட்டா சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) அந்தப் பட்டையில் தங்கி நிற்கும்படி வடிவமைப்பு. முதல் சூட்டில் தோள் (கூடு கழுத்துக்கு ஒடுங்கும் இடம்) முன்னே நகர்ந்து, பட்டைக்கு மேலே பித்தளை மெலியும். டையை (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) முழுதாக இறக்கித் தோளை ஒவ்வொரு முறையும் பின்னே தள்ளினால் நாலைந்து சூட்டில் அங்கே வளையமாக வெடித்துவிடும். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் விரலுக்குத் தெரியும். தெரிந்தால் அந்தக் கூட்டை எறிந்துவிடுங்கள். பிஆர்சிக்குப் பட்டையே இல்லை, தோளில்தான் நிற்கிறது. தோளை ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.002 அங்குலம் மட்டும் பின்னே தள்ளினால் போதும். வெடிமருந்துக்கு எச்1000 அல்லது ரெட்டம்போ வகை பொருந்தும்; அளவை அடைப்புக் கையேட்டின் தொடக்க எடையிலிருந்து மேலே கொண்டுபோங்கள். உச்ச அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ, விளையாட இடமில்லை.

வாங்கும்போது ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மூன்று நான்கு பெட்டி எடுங்கள். லாட் மாறினால் வேகமும் மாறும். உங்கள் குழலில் வேகத்தை அளந்து, அந்த எண்ணையே பாலிஸ்டிக் செயலியில் (குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலி) இடுங்கள். பெட்டியில் உள்ளதை அல்ல. உயரத்தையும் மாற்றுங்கள்: கடல்மட்டத்துக்குப் போட்ட அட்டவணையோடு 9,000 அடி மலையில் சுட்டால், காற்று மெலிந்திருப்பதால் தொலைவில் குண்டு மேலே போய்விடும்.