டர்பன்ல கைக்குழந்தைக்கு முதுகு ஸ்கேன் எடுக்கணும்னா தைரியமா இங்க வரலாம் (5க்கு 4)

எங்க பாப்பாவுக்கு பொறந்ததுலேர்ந்தே வெளிக்கி சரியா போகல, ஆசனவாய் குறுகலா இருக்குன்னாங்க, அதோட சேந்து முதுகுத் தண்டுலயும் கோளாறு இருக்கலாம்னு பாக்காம விட்டுட்டாங்க. வேற ஒரு இடத்துல "ஒரு வயசாகட்டும், எம்ஆர்ஐ எடுத்துக்கலாம்"னு அனுப்பினது எனக்கு இன்னும் ஆறல. கைக்குழந்தைக்கு முதுகெலும்போட பின்பக்கம் குருத்தெலும்பாதான் இருக்கும், அது வழியா அல்ட்ராசவுண்ட்லயே தண்டுவடம் தெளிவா தெரியும், நாலஞ்சு மாசத்துக்கு மேல எலும்பு கெட்டியாயிட்டா அது முடியாது. இதைச் சொன்னதே இந்த ஸ்கேன் சென்டர்லதான்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஜெல்ல சூடு பண்ணிதான் தடவினாங்க. பாப்பா பால் குடிச்சுட்டு என் மடியில குப்புற தூங்கறா, அவங்க ஸ்கிரீன்ல ஒவ்வொரு எலும்பா எண்ணி, தண்டுவடம் இடுப்புல மொத ரெண்டு எலும்புக்குள்ள முடியணும், அதுக்கும் கீழ இழுத்துப் புடிச்சிருந்தா பின்னாடி நடக்கறதும் மூத்திரம் போறதும் பாதிக்கும்னு காட்டினாங்க. எங்களுக்கு சரியான இடத்துலதான் இருந்துச்சு, நரம்பு இழையெல்லாம் லேசா அசையறது கூட தெரிஞ்சுது. அதோட நிறுத்தாம இடுப்புக்குள்ளயும் பாத்தாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மார்க்! மலக்குடலுக்கும் சாக்ரம்ங்கற முதுகெலும்போட அடி எலும்புக்கும் நடுவுல ஒரு சின்ன நீர்ப்பை.

எக்ஸ்ரேல சாக்ரம் ஒரு பக்கம் இல்லாம அரிவாள் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. குறுகின ஆசனவாய், இந்த வளைவு, அதுக்கு முன்னாடி கட்டி, மூணும் சேந்து வந்தா கர்ராரினோ சிண்ட்ரோம், 1981ல கர்ராரினோங்கற ரேடியாலஜி டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் எழுதி வெச்சது. எம்என்எக்ஸ்1ங்கற ஜீன் வழியா குடும்பத்துல வரும், சிலருக்கு வெளிய தெரியாமலே இருக்கும்னு வீட்டுக்காரருக்கும் எக்ஸ்ரே எழுதினாங்க. இங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல அவரோட பாட்டி மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் குடுத்து குடுத்தே வளத்த மனுஷன், பாத்தா அவருக்கும் அதே வளைவு!

அந்தப் பைய எம்ஆர்ஐ பாக்காம யாரும் ஊசி போட்டு எடுக்கவோ கத்தி வெக்கவோ விடாதீங்கன்னு கண்டிப்பா சொன்னாங்க, தண்டுவட உறையோட தொடர்பு இருந்தா கிருமி ஏறி மெனிஞ்சைட்டிஸ்ங்கற மூளை உறை அழற்சி வந்துரலாம், சில குழந்தைக்கு அது டெரடோமாங்கற பலவித திசு கலந்த கட்டியாவும் இருக்கும். எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து குடுப்பாங்கன்னு நெனச்சு நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்ல, ஆனா இவ்ளோ சின்னக் குழந்தைக்கு பெரும்பாலும் தேவையே படாதாம், கொஞ்ச நேரம் பால் குடுக்காம வெச்சிருந்து, எடுக்கறதுக்கு முன்னாடி வயிறு நெறைய குடுத்து, காத அடைச்சு துணியில இறுக்கி சுத்தி தூங்க வெச்சே எடுத்து முடிச்சாங்க.

ஒரு மார்க் கொறச்சது ரிசப்ஷனுக்கு. மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) அனுமதி நம்பர் இல்லன்னு பசில கத்தற குழந்தையோட வெளியவே உக்கார வெச்சாங்க. மாரிட்ஸ்பர்க் மாதிரி தூரத்துலேர்ந்து வர்றவங்க அந்த நம்பர முந்தின நாளே போன்ல வாங்கிருங்க, பால் நிறுத்த வேண்டிய நேரத்தயும் அப்பவே கேட்டுக்குங்க.