லயக் காம்பராவில் மிக்ஸ்டேப்: ஷூர் எஸ்எம்58 மைக் தாங்குமா?

இலங்கை மலையகத்தின் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சொந்தக் காசில் ராப் மிக்ஸ்டேப் (பாட்டுத் தொகுப்பு) போடுகிறவர்கள் பலர் முதலில் தேடுவது கண்டென்சர் மைக், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கூர்மையான வகை. யூடியூப்பில் பார்க்கும் ஸ்டூடியோக்களில் அதுதானே தொங்குகிறது. ஆனால் நம் இடமோ 10க்கு 12 அடிக் காம்பரா (அறை), மேலே தகரம், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி. இந்த இடத்துக்கு அது பொருந்தாது. தோட்டத்துத் திருவிழா மேடைகளில் கண்டு பழகிய ஷூர் எஸ்எம்58தான் இங்கே வேலைக்கு ஆகும். 1966 முதல் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக், கண்டென்சரைவிட உணர்திறன் குறைந்த வகை. எடை 298 கிராம்.

காரணம் ஒன்றுதான்: இதை வாய்க்கு ஒட்டிவைத்துப் பாடலாம். கண்டென்சர் மைக்கில் அப்படிப் பாடினால் ‘ப’வும் ‘ஃப’வும் வெடிக்கும். அதனால் 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள். எஸ்எம்58இன் உருண்டை வலைக்குள் ஸ்பாஞ்ச் இருக்கிறது. 5 சென்டிமீட்டரில், அதாவது மூன்று விரற்கடையில், தாராளமாக நின்று பாடலாம். 20இலிருந்து 5க்கு வந்தால் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் கூடும், மழைச் சத்தமும் டிவியும் இருந்த அளவிலேயே இருக்கும். அந்த 12 டெசிபல்தான் லயத்தில் பதிவு செய்கிறவருக்குக் கிடைக்கும் ஸ்டூடியோ.

இதற்குக் கொடுக்கும் விலை கெயின், அதாவது மைக்கின் சிறிய மின்குறியைப் பெருக்கும் அளவு. ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 14.1 மில்லிவோல்ட் தருகிறது, எஸ்எம்58 தருவது 1.85 மட்டும். இரண்டுக்கும் 17 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். ஆகவே இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போது மைக் கெயின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸில் 56 டெசிபல் உண்டு, ஓங்கிப் பாடும் ராப்புக்குப் போதும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 8க்கும் இடையில் நிற்கும்படி கெயின் குமிழைத் திருப்பினால் சரி. மெல்ல முணுமுணுத்துச் சொல்லும் வரிகளுக்கு இதே குமிழைக் கடைசிவரை திருப்ப வேண்டிவரும், அடியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஏறும். மிக்ஸ்டேப் முழுக்க அந்தப் பாணி என்றால் இது உங்கள் மைக் இல்லை. அல்லது இடையில் ஒரு இன்லைன் பிரீஆம்ப் (மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டும் சிறு பெருக்கி) போட வேண்டும். அது 25 டெசிபல் வரை தூக்கும், ஆனால் அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து மைக் கேபிள் வழியாக வரும் 48 வோல்ட் பாண்டம் பவர் தேவை.

மழையைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம்: தகரத்தில் கொட்டும் மழையை எந்த மைக்கும் வெல்லாது. அது எல்லா அலைவரிசையிலும் பரவிய சத்தம். நாய்ஸ் கேட் (குரல் இல்லாதபோது ஒலியை மூடும் கருவி) போட்டால் வரிகளுக்கு நடுவே மழை நின்று, வாய் திறந்ததும் திரும்பக் கொட்டும், தொடர்ந்து கொட்டுவதைவிட அது மோசம். நாளைத்தான் மாற்ற வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், குரல் பதிவை அந்த மாதங்களில் திட்டமிடாதீர்கள், பீட் (பாட்டின் தாள இசை) வேலையைப் பாருங்கள். அதே காலத்தில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். அவர்களுக்குத் தொல்லை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும், ஆகவே காலையில் முடித்துவிடலாம்.

இந்த மைக் முன்னால் இருப்பதை எடுக்கும், நேர் பின்னால் வருவதைத் தள்ளும். ஆகவே மைக்கின் வால் டிவிச் சுவரைப் பார்க்கட்டும். பலர் மைக்குக்குப் பின்னால் துணி தொங்கவிடுகிறார்கள், அதில் பெரிய பயன் இல்லை. மைக்கின் முகம் பார்ப்பது பாடுகிறவரின் முதுகுப் பக்கச் சுவரை. கம்பளி அங்கேதான் வேண்டும். இரண்டு கம்பளியை இரட்டையாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொடியில் போட்டால் எதிரொலி நன்றாக அடங்கும்.

ராப் பாடுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, உருண்டையைக் கையால் பொத்திப் பிடிப்பது. பின்பக்கத் தள்ளல் நடப்பதே வலையின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும் காற்றால்தான். அதை மூடினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கும், குரல் டப்பாவுக்குள் பேசியதுபோல் ஆகும், மேடையில் என்றால் கூவும். பதிவுக்கு ஸ்டாண்டில் மாட்டுங்கள். 10 பாட்டுக்கும் ஒரே தூரம் இருந்தால்தான் மிக்ஸ்டேப் ஒரே குரலில் ஓடும்.

ஒலி எப்படி? மைக்கின் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ். 4,000க்கு மேல் ஒரு மேடு உண்டு. ‘ட்ட’, ‘க்க’, ‘த்த’ என்று அடுக்கி ஓடும் தமிழ் வரிகளுக்கு அது நல்ல துணை, வேகத்திலும் சொல் தெளிவாக விழும். மேல் முனையின் பளபளப்பு குறைவு. கிட்டவைத்துப் பாடுவதால் அடித்தொண்டை வீங்கும். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 300 பக்கம் 2, 3 டெசிபல் குறைத்து, 10,000க்கு மேல் 3 டெசிபல் ஏற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ‘ச’, ‘ஸ’ குத்தினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே சரித்து வையுங்கள், டீ-எஸ்ஸருக்கு (‘ஸ’ குத்தலைக் குறைக்கும் மென்பொருள்) போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

தப்பு என்னும் தோல் மேளத்தையும் இதே மைக்கில் எடுக்கலாம், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். தோலிலிருந்து 30 சென்டிமீட்டர், குச்சி விழும் இடத்துக்குச் சற்று விலகி. பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால், ஒவ்வொரு டேக்குக்கும் முன் நெருப்பில் காட்டாவிட்டால் லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் துண்டு) ஒட்டாது. ஆனால் வயிற்றில் இடிக்கும் அடிநாதத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள், அதை பீட்டில்தான் போட வேண்டும்.

‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்டால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பியில் ஓடும் இன்டர்ஃபேஸ் என்றால் பேட்டரியிலேயே வேலை நடக்கும், கரண்ட் போனாலும் டேக் போகாது.

நுவரெலியாக் குளிரில் எச்சில் ஈரம் சீக்கிரம் காயாது. வலையை இடப்பக்கம் திருப்பிக் கழற்றி, அதை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, குறைந்தது ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் வலை துருப்பிடிக்கும். கழற்றியபின் தெரியும் கேப்சூலில் (ஒலியைப் பிடிக்கும் பகுதியில்) ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது.

வாங்கும்போது கவனம், உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. கடைக்குச் சமையல் தராசு கொண்டுபோகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 298 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால் வேண்டாம். கேபிள் மாட்டும் எக்ஸ்எல்ஆர் முனையில் மூன்று பின்னுக்கும் அருகே 1, 2, 3 என்ற எண்கள் இருக்க வேண்டும், எண் இல்லாமல் புள்ளி மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்-ஓஃப் சுவிட்ச் இருப்பது போலிக்கு அடையாளம் அல்ல, எஸ்எம்58எஸ் என்ற மாடலே சுவிட்சோடு வருவது. பதிவுக்குச் சுவிட்ச் இல்லாததே நல்லது, நல்ல டேக்கின் நடுவில் விரல் பட்டு அணையாது.